புலிப்பொறி பெறாத பொதி: மென்பொருள் ஏற்றுமதியும் வகைப்பாடும்

காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலை முற்றத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டும் பகுதி, தமிழ் பயின்றார் அனைவர்க்கும் நினைவிருக்கும். கடலினின்று நிலத்தில் இறங்கும் பொருளும், நிலத்தினின்று கடலுக்கு ஏறும் பொருளும் மலையெனக் குவிந்து கிடக்கின்றன. காவலர் விழித்திருக்கின்றனர். சுங்க அலுவலர் ஒவ்வொரு பொதியின் மீதும் சோழனின் புலி இலச்சினையைப் பொறித்த பின்னரே அதனை வெளியே விடுகின்றனர். வரலாற்றாசிரியர் இப்பகுதியைப் பண்டைய சுங்க வரிக்குச் சான்றாகக் கொள்வர். அப்பொறிக்கு வரிக்கு அப்பாலும் ஒரு பொருள் உண்டெனவே தோன்றுகிறது. ‘இப்பொதியில் இருப்பது இன்னது என அரசு அறியும், இது செல்லலாம்’ என்னும் சொல்லும் அப்புலியின் வாயில் அடங்கியிருக்கிறது.

அம்பத்தூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் அமர்ந்து எழுதப்படும் மென்பொருள், எழுதி முடித்த மறு நிமிடமே துபாயையோ டெட்ராய்ட்டையோ சென்றடைந்துவிடுகிறது. அதற்குப் பொதி இல்லை, கப்பல் இல்லை, எடை இல்லை, பொறி இடுவதற்கு ஒரு சாக்குத் துணியும் இல்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அஃது ஏற்றுமதியே. அஃது எவ்வகைப் பொருள், உரிமம் வேண்டுமா வேண்டாவா என்னும் வினாவை யாரோ ஒருவர் கேட்டு விடை கண்டாக வேண்டும். அந்த ‘யாரோ ஒருவர்’ சுங்க அலுவலர் அல்லர். எழுதியவரும் அனுப்புபவருமே அவர். இவ்வகைப்பாட்டின் இயல்பையும் அது பிறந்த கதையையும் ஈண்டுச் சற்று விரிவாகக் காண்போம்.

இரும்பும் எழுத்தும் அண்டை வீட்டார்

சென்னையின் மேற்குப் புறநகர் இவ்வினாவுக்கு மிகப் பொருத்தமான களம். ஆவடியில் 1961இல் தோன்றிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் ‘விஜயந்தா’ பீரங்கி வண்டி வெளிவந்தது. 1976இல் போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் அதே ஊரில் அமைந்தது. ‘அர்ஜுன்’ பீரங்கி வண்டி அங்கு உருப்பெற்றது. அவ்வண்டியின் உடல் ஆவடியில் பிறந்தது. எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் ஜெர்மனியிலிருந்து வந்தன. அயல்நாடு ஒன்று உரிமம் தந்தால்தான் நம் வண்டி ஓடும் என்னும் நிலையை ஆவடி தொழிலாளர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. 2021 அக்டோபரில் பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டுக் கவச வாகனங்களுக்கெனத் தனி நிறுவனம் எழுந்தபோது, அதன் தலைமையகமும் ஆவடியிலேயே அமைந்தது.

ஆவடிக்குக் கிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. 1960களில் சிறு தொழில்களுக்காக உருவான இப்பேட்டையில், ஒரு தெருவில் லேத் பட்டறையும் வார்ப்பகமும், அடுத்த தெருவில் கண்ணாடி முகப்புடைய மென்பொருள் நிறுவனமும் நிற்பதைக் காணலாம். தெற்கே பூந்தமல்லியை அடுத்துத் திருமழிசைத் தொழிற்பேட்டை. ஆவடியை ஒட்டிய பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடிகளுடன் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பீரங்கி வண்டியின் பற்சக்கரத்தைக் கடைபவரும், கடையும் எந்திரத்திற்கு நிரல் எழுதுபவரும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் வட்டாரம் இது. இம்மலரைப் படிக்கும் மாணவரில் பலர் பட்டம் பெற்றதும் முதற்பணி ஏற்கப்போவதும் இங்கேதான். அவர்கள் எழுதும் நிரலுக்கு வாடிக்கையாளர் பெரும்பாலும் கடல் கடந்தே இருப்பார்.

ஒரே பொருள் அமைதிப் பணிக்கும் படைப் பணிக்கும் உதவுமாயின் அதனை ‘இருவழிப் பயன்பாட்டுப் பொருள்’ என்பர். சொல் புதிது, பொருள் பழையது. பாண்டியர் காலத்தில் மஅபர் கரைக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் வந்து இறங்கின எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துள்ளார். அரபு வணிகர் கொணர்ந்த அக்குதிரை தேரையும் இழுக்கும், போர்க்களத்திலும் பாயும். 1547இல் போர்த்துகீசியர் விஜயநகரத்தோடு செய்த உடன்படிக்கையைப் பாருங்கள். கோவாவில் இறங்கும் குதிரைகள் விஜயநகரத்துக்கே விற்கப்பட வேண்டும், பிஜப்பூருக்குப் போகக் கூடாது. மாற்றாக விஜயநகரத்து வெடியுப்பும் இரும்பும் போர்த்துகீசியருக்கே வர வேண்டும். இன்று வியன்னாவிலும் வாஷிங்டனிலும் எழுதப்படும் விதிகளின் இரு தூண்களும் அவ்வுடன்படிக்கையிலேயே உள்ளன. ஒன்று, பொருள் என்ன என்பது. மற்றொன்று, அது யார் கைக்குச் செல்கிறது என்பது.

எழுத்து ஆயுதமான கதை

மென்பொருள் இப்பட்டியலுக்குள் எவ்வாறு புகுந்தது? வழி திறந்தது மறையெழுத்துக் கலையே. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தீ, மறைத்து எழுதப்பட்ட மடலை விடுவிப்பது குறித்துத் தனி நூல் இயற்றினார். மொழியில் எவ்வெழுத்து எத்துணை முறை வருகிறது என எண்ணிப் பார்த்து, மறைகுறிகளோடு ஒப்பிட்டு உண்மை எழுத்தைக் காணும் முறை அவருடையது. எழுத்தெண்ணும் இலக்கணப் புலமையே கணிதமாக மலர்ந்த இடம் அது. இரண்டாம் உலகப் போரில் மறைகுறியை உடைத்தோர் பெற்ற வெற்றிகளைக் கண்ட பின்னர், வல்லரசுகள் மறையாக்கத்தைப் பீரங்கி, வெடிமருந்து ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தன. அமெரிக்காவின் படைக்கலப் பட்டியலில் மறையாக்க மென்பொருளும் இடம்பெற்றது.

1991இல் ஃபில் ஸிம்மர்மன் என்னும் அமெரிக்கர், பொதுமக்கள் தம் மின்மடல்களை மறைத்து அனுப்ப உதவும் பிஜிபி என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது கணினி வலைவழி அயல்நாடுகளையும் அடைந்தது. 1993இல் அவர் மீது விசாரணை தொடங்கியது. உரிமமின்றிப் படைக்கலம் ஏற்றுமதி செய்தாரா என்பதே வினா. மூன்றாண்டுகள் அவ்விசாரணை அவர் தலைக்கு மேல் தொங்கி, 1996 ஜனவரியில் வழக்கின்றியே கைவிடப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததே சுவையானது. 1995இல் அம்மென்பொருளின் மூலநிரல் முழுவதையும் எம்ஐடி பதிப்பகம் நூலாக அச்சிட்டது. நூலை ஏற்றுமதி செய்யத் தடை இல்லை. பேச்சுரிமை அதனைக் காத்தது. அதே சொற்கள் நெகிழ்வட்டில் இருந்தால் படைக்கலம், தாளில் இருந்தால் இலக்கியம்! 1997இல் அடுத்த பதிப்பின் நிரலையும் இவ்வாறே நூல்களாக ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று, பக்கம் பக்கமாக ஒளிவருடி மீண்டும் மென்பொருளாக்கினர். ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்குப் பாடம் மாற்றிய உ.வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்த தமிழ் மாணவர்க்கு, அச்சிலிருந்து எந்திரத்துக்குப் பாடம் மாற்றிய இவர்தம் பாடு புரியும். ஓர் எழுத்துப் பிழைத்தால் அங்கே பொருள் திரியும். இங்கே நிரல் ஓடாது.

இதே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் ஆய்வு மாணவர், தாம் எழுதிய மறையாக்க நிரலை வெளியிட உரிமம் கேட்கும் சட்டம் செல்லாது என வழக்காடினார். நிரல்மொழியும் மொழியே, அதில் எழுதப்படுவதும் பேச்சே என்று 1996இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகக் கூறியது. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்க அரசு வணிகப் பயன்பாட்டு மறையாக்கத்தைப் படைக்கலப் பட்டியலிலிருந்து வணிகத் துறையின் பட்டியலுக்கு மாற்றியது. 2000 ஜனவரியில் விதிகள் பெரிதும் தளர்ந்தன.

அதுவரை அயல்நாட்டாருக்கு வழங்கப்பட்ட நெட்ஸ்கேப் உலாவியில் மறையாக்கத் திறவுகோலின் நீளம் 40 பிட் மட்டுமே. 40 பிட் என்றால், முயன்று பார்க்க வேண்டிய திறவுகோல்கள் ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேல். பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 1995இலேயே பிரான்சிலிருந்த ஆய்வாளர் ஒருவர், தம் நிறுவனக் கணினிகளின் ஓய்வு நேரத்தைத் திரட்டி ஏறத்தாழ ஒரு வாரத்தில் அத்தகைய மறைமடல் ஒன்றை உடைத்துக் காட்டினார். 56 பிட் அதனினும் 65,536 மடங்கு கடினம். இன்றும் பன்னாட்டுப் பட்டியலில் கட்டுப்பாடு தொடங்கும் எல்லைக் கல்லாக இந்த 56 நிற்கிறது. நாம் நாள்தோறும் கைப்பேசியில் பயன்படுத்தும் மறையாக்கம் 128 பிட்டும் 256 பிட்டும். எல்லைக் கல்லை எல்லாரும் எப்போதோ கடந்துவிட்டனர். கல் மட்டும் நட்ட இடத்திலேயே இருக்கிறது.

மறுக்கப்பட்டவர் காவலரான வகை

இப்பட்டியலைப் பேணும் பன்னாட்டு அமைப்புக்கு வாசனார் உடன்பாடு என்று பெயர். நெதர்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் அது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் அணிக்குத் தொழில்நுட்பம் செல்லாமல் தடுக்க மேலை நாடுகள் வைத்திருந்த குழு 1994இல் கலைந்த பின்னர், 1996இல் இது பிறந்தது. இந்தியா 2017 டிசம்பரில் இதன் 42ஆம் உறுப்பினராயிற்று.

அதற்கு முன் நாம் கதவுக்கு வெளியே நின்றவர்கள். 1980களில் பருவமழையைக் கணிக்க இந்தியா கேட்ட க்ரே மீத்திறன் கணினியை அமெரிக்கா தர மறுத்தது. நீண்ட பேச்சுக்குப் பின் திறன் குறைந்த வேறொரு மாதிரியையே தந்தது. அம்மறுப்பின் விளைவாக 1988இல் புணேயில் ‘சி-டாக்’ நிறுவனம் தோன்றியதும், 1991இல் ‘பரம் 8000’ கணினி உருவானதும் யாவரும் அறிந்தவை. நமக்கு இன்னும் அண்மையில், சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தை அமெரிக்கா 1990களின் பிற்பகுதியில் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. 1998 மே மாதப் பொக்ரான் சோதனைக்குப் பின் அப்பட்டியல் பாதுகாப்பு ஆய்வகங்களையும் விண்வெளி மையங்களையும் விழுங்கிப் பருத்தது. 2001இலும் 2011இலும் பலர் விடுவிக்கப்பட்டனர். கல்பாக்க மையத்தின் பெயர் நீக்கப்பட்டதோ 2025 ஜனவரியில்தான். கால் நூற்றாண்டுக்கும் மேலாக, அமெரிக்காவின் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்ட ஒரு மென்பொருளை அம்மையத்துக்கு விற்க விரும்பியவர், அஃது எத்துணை எளியதாயினும், முதலில் அவ்வரசின் வாயிலைத் தட்ட வேண்டியிருந்தது. இங்குத் தடை பொருளைப் பற்றியதன்று, பெறுநரைப் பற்றியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே கண்ட குதிரை உடன்படிக்கையின் இரண்டாம் தூண் இதுவே.

இந்தியாவும் தன் பங்குக்குப் பட்டியல் வகுத்தது. 1992ஆம் ஆண்டு அயல்நாட்டு வணிகச் சட்டத்தின் கீழ் 1995இல் சிறப்புப் பொருள், கருவி, தொழில்நுட்பங்களின் முதற்பட்டியல் வந்தது. அதுவே விரிந்து இன்று ‘ஸ்கோமெட்’ என வழங்குகிறது. 2005இல் பேரழிவுப் படைக்கலச் சட்டம் வந்தது. மின்வழித் தொழில்நுட்பப் பரிமாற்றத்தையும் அது தன் வலைக்குள் கொண்டது. 2010இல் அயல்நாட்டு வணிகச் சட்டமே திருத்தப்பட்டுத் தனி இயல் சேர்ந்தது. வாசனாரில் சேரும் முன்னேற்பாடாக, 2017இல் ஆறாம் பிரிவும் எட்டாம் பிரிவும் பன்னாட்டுப் பட்டியலோடு இயைந்து எழுதப்பட்டன. நேற்று வாசலில் நிறுத்தப்பட்டவர் இன்று வாயிற்காவலர். அந்நாள் மறுப்பின் கசப்பை அறிந்தவர் கையில் இருக்கும்போதாவது இவ்விதி சிறு தொழிலாளரை நோகாது நடக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே.

பட்டியலைப் படிக்கும் முறை

ஸ்கோமெட் பட்டியலில் பூச்சியம் முதல் எட்டு வரை பிரிவுகள் உள்ளன. பூச்சியம் அணுசக்திப் பொருள்கள், ஒன்று நச்சு வேதிப்பொருள், இரண்டு நுண்ணுயிர், ஐந்து வான்வெளி, ஆறு படைக்கலம், ஏழு காலியிடம். எட்டாம் பிரிவே மென்பொருளார் நாள்தோறும் புரட்ட வேண்டியது. மின்னணுவியல், கணினி, தொலைத்தொடர்பு, தகவல் பாதுகாப்பு, உணரிகள், கப்பல், வானூர்தி ஆகிய துறைகள் எல்லாம் அதனுள் அடங்கும். ஒவ்வொரு துறையும் ஐந்து அடுக்காகப் பிரியும்: கருவி, சோதனைக் கருவியும் உற்பத்திக் கருவியும், மூலப்பொருள், மென்பொருள், தொழில்நுட்பம். ஆங்கில அகரவரிசையில் நான்காம் எழுத்தான ‘டி’ மென்பொருளைக் குறிக்கும். ஐந்தாம் எழுத்தான ‘இ’ தொழில்நுட்பத்தைக் குறிக்கும். அமெரிக்கரின் 5டி002 என்னும் குறியீட்டில் ஐந்து என்பது தகவல் பாதுகாப்பை உள்ளடக்கிய துறை. டி என்பது மென்பொருள். இவ்வடுக்கை அறிந்தால் பட்டியல் பாதி புரிந்துவிடும்.

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என வகுத்தபோது ஒரு சொல்லின் ஓசையை அளவுகோலாகக் கொள்ளவில்லை; அது தொடரில் ஆற்றும் பணியைக் கண்டார். மென்பொருள் வகைப்பாடும் அவ்வாறே. ‘நான் எதற்காக எழுதினேன்’ என்பது இரண்டாவது வினா. ‘இதனால் என்ன செய்ய இயலும்’ என்பதே முதல் வினா. சில எடுத்துக்காட்டுகளால் இதனைத் தெளியலாம். நிறுவனங்கள் கற்பனையே, விதிகள் மெய்.

அம்பத்தூர் நிறுவனம் ஒன்று சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளை ஷார்ஜாவுக்கு அனுப்புகிறது. அதில் கடவுச்சொல் உண்டு. தரவைக் காக்க 256 பிட் மறையாக்கமும் உண்டு. 56ஐத் தாண்டிவிட்டதே எனப் பதற வேண்டா. மறையாக்கம் அதன் முதன்மைப் பணி அன்று. சம்பளம் கணக்கிடுவதே பணி. தகவல் பாதுகாப்போ, கணினிச் செயலோ, வலைத்தொடர்போ முதன்மைப் பணியாக இல்லாத பொருளில் மறையாக்கம் துணையாக மட்டும் இருக்குமாயின், விதியின் குறிப்பு அதனை விடுவிக்கிறது. உள்ளே நுழைபவர் இன்னார் என உறுதி செய்வதும், மின் கையொப்பமும் கணக்கில் சேரா.

அதே நிறுவனம் மடல்களை மறைத்து அனுப்புவதற்கென்றே ஒரு மென்பொருள் செய்தால் நிலை மாறும். அப்போதும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. கடையில் எவரும் வாங்கத்தக்கதாய், வாங்குபவர் தாமே நிறுவிக்கொள்ளத்தக்கதாய், மறையாக்கப் பகுதியை அவர் எளிதில் மாற்ற இயலாததாய் இருந்தால் ‘பொதுச்சந்தைப் பொருள்’ என விலக்குப் பெறலாம். ஒரே வாடிக்கையாளருக்காகத் தைத்துக் கொடுத்ததாயின் அவ்வாயில் மூடிவிடும். தையற்காரர் உவமை ஈண்டுப் பொருந்தும்: கடையில் தொங்கும் சட்டைக்கு ஒரு விதி, அளவெடுத்துத் தைத்த சட்டைக்கு வேறு விதி.

அடுத்தது பட்டறைக்குரியது. சிஎன்சி எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான மென்பொருள், வெட்டுக்கருவியை நான்குக்கு மேற்பட்ட அச்சுகளில் ஒரே நேரத்தில் ஒருங்கிணைத்து வளைவுப் பரப்பைச் செதுக்க வல்லதாயின், அது பட்டியலுக்குள் வரும். மூன்று அச்சில் ஓடினால் வராது. ஏன் நான்கு? விசையாழியின் சிறகையும் நீர்மூழ்கிக் கப்பலின் உந்தியையும் செதுக்க ஐந்து அச்சு வேண்டும். சமையல் பாத்திரத்தின் அச்சுக்கு மூன்று போதும். 1980களில் ஜப்பானின் தோஷிபா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று இத்தகைய எந்திரங்களைச் சோவியத் நாட்டுக்கு விற்றதும், எந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி நார்வேயிலிருந்து சென்றதும் 1987இல் வெளிப்பட்டுப் பெரும் புயல் எழுந்தது. எந்திரம் வெறும் உடல். கட்டுப்பாட்டு நிரலே உயிர் என்பதை உலகம் அன்று உணர்ந்தது. ஆகவே, ‘வெறும் நிரல்தானே, எந்திரத்தை நாங்கள் அனுப்பவில்லையே’ என்னும் வாதம் நில்லாது.

ஊடுருவல் மென்பொருள் என்பது மிகச் சிக்கலான வகை. பிறர் கணினியின் காவலை ஏமாற்றி உட்புகும் நிரலை இயக்கும் கருவிகளை 2013இல் வாசனார் உடன்பாடு பட்டியலில் சேர்த்தது. மக்களை வேவு பார்க்கும் அரசுகளுக்கு அத்தகைய கருவிகள் விற்கப்பட்டமையே காரணம். நோக்கம் நன்று, சொல்லாட்சி அகன்றுவிட்டது. காவலில் உள்ள ஓட்டையைக் கண்டு உரியவர்க்குச் சொல்லும் நல்லாய்வாளரும் அதே கருவியைத்தான் கையாளுகிறார். 2015இல் அமெரிக்கா இதனைச் சட்டமாக்க வரைவு வெளியிட்டபோது ஆய்வாளர் உலகம் பொங்கி எழுந்தது; வரைவு பின்வாங்கப்பட்டது. 2017இல் பன்னாட்டுப் பட்டியலே திருத்தப்பட்டு, ஓட்டையை அறிவிப்பதற்கும் தாக்குதலை எதிர்கொள்வதற்கும் செய்யப்படும் பரிமாற்றத்துக்கு விலக்குக் கிடைத்தது. ஒரு பட்டியலின் ஓர் அடியைத் திருத்த நான்காண்டு! கணினிப் பாதுகாப்புத் துறையில் கால் பதிக்க விழையும் மாணவர், தாம் இயக்கும் சோதனைக் கருவி இவ்வடியின் எப்பக்கம் நிற்கிறது என்பதைப் பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டறிவது நலம்.

இறுதியாக ஆவடிப் பக்கம். பீரங்கி வண்டி ஓட்டுநர்க்குப் பயிற்சி தரும் பாவனைக் கருவியின் மென்பொருள், லாரி ஓட்டுநர் பயிற்சிக் கருவியிலிருந்து சற்றே மாற்றி எழுதப்பட்டது எனக் கொள்வோம். படைப் பயன்பாட்டுக்கெனத் தனியே வடிவமைக்கப்பட்டது அல்லது மாற்றியமைக்கப்பட்டது எனின் அஃது ஆறாம் பிரிவுக்குப் போய்விடும். எட்டாம் பிரிவைப் புரட்டத் தேவையே இல்லை. உரிமம் தரும் அதிகாரியும் மாறுவார். ஆறாம் பிரிவுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறை. பூச்சியப் பிரிவுக்கு அணுசக்தித் துறை. ஏனையவற்றுக்கு அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம். ஆகவே எப்போதும் ஆறை முதலில் பார்த்துவிட்டு எட்டுக்கு வருவதே முறை.

மென்பொருளுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பலர் இடறுவர். ஓடும் நிரல் மென்பொருள். அதனை அல்லது கருவியை உருவாக்க, உற்பத்தி செய்ய வேண்டிய தனியறிவு தொழில்நுட்பம். வரைபடம், கையேடு, கணக்கீட்டுத் தாள் யாவும் அதனுள் அடங்கும். மின்மடலில் இணைத்தாலும், மடிக்கணினியில் ஏந்திச் சென்றாலும், அயல்நாட்டுப் பொறியாளர் தம் இருக்கையிலிருந்தே நம் கணினியைத் திறந்து பார்க்க இசைந்தாலும் அது பரிமாற்றமே. யாவரும் படிக்கத் தடையின்றி வெளியிடப்பட்ட அறிவுக்கும், அடிப்படை அறிவியல் ஆய்வுக்கும் இக்கட்டு இல்லை. திறமூல மென்பொருள் உலகெங்கும் தடையின்றி உலவுவது இவ்விலக்கின் நிழலில்தான். ஆனால் திறமூலத்தை எடுத்துத் தம் கைவண்ணம் சேர்த்து மூடி விற்பவருக்கு அந்நிழல் தொடராது.

பட்டியலில் இல்லாத பொருளுக்கும் ஒரு பிடி உண்டு. பெறுபவர் பேரழிவுப் படைக்கலத்துக்குப் பயன்படுத்துவார் என அறிந்தோ, அறிவிக்கப்பட்டோ அனுப்பினால், சம்பளப் பட்டியல் மென்பொருளும் குற்றமாகும். இதனால்தான் உரிம விண்ணப்பத்தோடு இறுதிப் பயனர் சான்றிதழ் கேட்கப்படுகிறது. வாங்குபவர் யார், எங்கு, எதற்கு, வேறொருவர்க்குக் கைமாற்ற மாட்டாரா என்பவற்றை அவரே கையொப்பமிட்டுத் தர வேண்டும். நம் முன்னாள் மாணவர் பலர் தொழில் நடத்தும் வளைகுடாத் துறைமுகங்கள் மறு ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றவை. துபாய் முகவரி பலநேரங்களில் பயணத்தின் பாதிவழியே. வாங்குபவர் மாமன் மகனாயினும் ‘இது முடிவில் யாரிடம் போய்ச் சேரும்?’ என்று கேட்பதில் தவறில்லை, உறவு முறியாது. கேளாமல் விட்டால் வரக்கூடிய அபராதம் லட்சங்களில் எண்ணப்படும். குற்றம் மீண்டும் நிகழ்ந்தால் சிறையும் உண்டு.

சிறு நிறுவனத்துக்கு இதிலுள்ள துன்பம் வேறு. பெரிய நிறுவனம் சட்ட அறிஞரை அமர்த்திக்கொள்ளும். ஆறு பேர் பணிபுரியும் பேட்டைப் பட்டறைக்கு அப்பட்டியலின் ஆங்கிலமே முதல் தடை. ஒரு வாக்கியத்துக்குள் மூன்று விலக்கு, விலக்குக்குள் ஒரு குறிப்பு, குறிப்புக்கு ஓர் அடிக்குறிப்பு என அது செல்லும். நன்னூலுக்கு உரை எழுதிய சங்கர நமச்சிவாயர் வந்தாலும் சற்றே மூச்சு வாங்குவார். இதனைத் தமிழில் உரையெழுதித் தரும் பணி தமிழ்த் துறைகளின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. மறையாக்கம், மூலநிரல், இறுதிப் பயனர் போன்ற சொற்கள் கையில் உள்ளன. ‘தனியே வடிவமைக்கப்பட்டது’ என்பதற்கும் ‘தேவையானது’ என்பதற்கும் இடையே அச்சட்டம் காணும் நுண்ணிய வேறுபாட்டைத் தமிழில் ஐயமறச் சொல்வதுதான் இன்னும் செய்யப்பட வேண்டியது.

அதுவரை ஒரு பட்டறை தன் அளவில் செய்யக்கூடியது ஒரு தாள். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், அது செய்யும் பணி, மறையாக்கம் உண்டெனில் வகையும் நீளமும், எந்திரத்தை இயக்குமாயின் அச்சுகளின் எண்ணிக்கை, எவருக்காக எழுதப்பட்டது, ஆறாம் பிரிவில் எந்த அடிகளும் எட்டாம் பிரிவில் எந்த அடிகளும் ஒப்பிடப்பட்டன, ஏன் பொருந்தின அல்லது பொருந்தவில்லை, முடிவு செய்தவர் கையொப்பம், நாள். பதிப்பு மாறும்போதெல்லாம் தாளும் மாற வேண்டும். ஆண்டுதோறும் பட்டியல் திருத்தப்படுவதால் பழைய முடிவையும் மீண்டும் நோக்க வேண்டும். ஐயம் தீராவிடில் இயக்குநரகத்துக்கு எழுதிக் கேட்கலாம். உரிமம் வேண்டியதாயின் விண்ணப்பம் இணையவழியே செல்லும். பல அமைச்சகங்களின் அலுவலர் கூடிய குழு அதனை ஆராயும். அனுப்பிய பின்னரும் ஆவணங்களை ஐந்தாண்டுகள் பேணி வைத்தல் வேண்டும்.